உச்சி வெயிலில் இறங்கிய சுருதி

இது நடந்தது. நடந்த இடம் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு. நடந்தது பத்மாசினி ரீச்சருக்கு. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம், கெஞ்சிக் கூத்தாடி நம்பவைக்க இங்கே ஒருவருக்கும் நேரமில்லை. ஒன்றை மட்டும் முன்னரே சொல்லிவிட வேண்டும். நாய் ஊளையிடும் நடுச்சாமத்தை எதிர்பார்த்து வராதீர்கள். இது பட்டப்பகலில், கொடியில் போட்ட சேலை மொறமொறவென்று காய்கிற உச்சி வெயிலில் நடந்தது.

1993ஆம் ஆண்டு. குண்டுக்குப் பயந்து வீட்டுக்கு வீடு பங்கர் என்ற பதுங்குகுழி வெட்டிய காலம். ரீச்சர் வீட்டு வளவில் வெட்டும்போது மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. புரட்டினால் சிற்பம். ஒரு பெண் இருந்து யாழ் வாசிக்கிறாள். தலையும் தோளும் இல்லை. மடியும், மடியில் யாழும், யாழின் வளைந்த தண்டான கோட்டைப் பற்றிய ஒரு கையும்தான் மிச்சம். எந்தக் காலத்திலோ உடைத்த கோவிலின் கல்லை யாரோ சுவரில் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். மேலெல்லாம் சுண்ணாம்புச் சாந்து அப்பிக் கிடந்தது.

பத்மாசினி வீணை ரீச்சர். ஊருக்குப் பெயர் யாழ்ப்பாணம், யாழைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் ஊரில் இல்லை. இந்த வெட்கம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கல்லைக் கண்டதும் இதே அளவில் ஒன்று செய்வது என்று முடிவு கட்டிவிட்டார்.

சங்கீத சபையின் தலைவர் சோமசேகரம் மாஸ்ரர், சரித்திரம் படித்தவர். சைக்கிளில் வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

“உது ஆதாரம் இல்லைப் பிள்ளை. சிற்பி தான் நினைச்சபடி செதுக்கியிருப்பான். உதைப் பார்த்துச் செய்தால் தும்புத்தடி மாதிரிச் சுவரிலை சாத்தி வைக்கத்தான் உதவும்.”

ரீச்சருக்கு மூக்கு நுனியில் கோபம்.

“அவன் கண்டுதான் செதுக்கினவன், மாஸ்ரர். செய்து காட்டுறன். வாற தை மாசம் உங்கடை சபையிலை வாசிச்சும் காட்டுறன்.”

சொல்லியாயிற்று. இனி அந்த யாழ் சுருதி நின்று பேசவேண்டும். பேசாவிட்டால் சபை நிறைந்த சனம் சிரிக்கும். மாஸ்ரர் சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டுவார், அதுதான் ரீச்சருக்குத் தாங்காது.

அன்றைக்கே அளவெடுத்தார். தலையில்லாத சிலையில் அளவுக்கு வேறு பிடி கிடையாது, கோட்டைப் பற்றிய அந்தக் கைதான். விரல் நாலும் சேர்ந்தால் நாலு விரற்கடை. தச்சர்கள் எப்போதும் அளப்பது இப்படித்தான். சாந்து மூடியிருந்த அந்த விரல் வரிசையின் அகலத்தை நூலில் எடுத்தார். யாழின் நரம்பு நீளத்துக்குள் அது எத்தனை தரம் அடங்குகிறது என்று பார்த்தார். அதே கணக்கைத் தன் நாலு விரல் அகலத்தால் பெருக்கினார். அவ்வளவுதான் அளவு.

சாந்தைச் சுரண்டிப் பார்த்திருக்கலாம். விட்டால்தானே. விடிந்ததும் பக்கத்து வீட்டு நல்லம்மா வந்து கும்பிட்டு விழுந்துவிட்டார்.

“நாச்சிமார் தெய்வம், பிள்ளை! தானா வந்து இருக்கிறா. கை வைச்சிடாதை!”

கல்லுக்குச் சிவப்புப் பட்டுச் சுற்றியாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று. பிறகு அதில் உளி வைக்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்?

தச்சுவேலை செய்தவர் கிறிஸ்துநாயகத்தார். பலா மரத்தில் யாழ் முடிந்தது. மடியில் வைத்தால் கோடு ரீச்சரின் தலைக்கு மேலே போய் வளைந்தது.

“ரீச்சர், இது யாழோ, வள்ளமோ?” என்று கேட்டார் அவர்.

வீணைக் கம்பி வருவது பொருளாதாரத் தடையில் நின்றுபோய் வருசக்கணக்கு. இருந்தாலும் ரீச்சர் போட்டிருக்க மாட்டார். கல்லில் நரம்புகள் மொத்தமாக இருந்தன. முறுக்குகிற ஆணியும் இல்லை, கோட்டில் வரிந்து கட்டிய வார்க்கட்டு மட்டும். அந்தக் கட்டைத் திருகித்தான் சுருதி ஏற்றவும் இறக்கவும் வேண்டும். கம்பி அதில் நிற்காது. ஆட்டுக் குடல்தான் நிற்கும்.

சைவ வீடு அது. ரீச்சர் சந்தையில் குடல் வாங்கி, சாம்பலும் உப்பும் போட்டுக் கழுவி, முறுக்கி, சேலைக் கொடியில் காயப்போட்டார்.

“நாச்சிமாருக்குப் பக்கத்திலை குடலே!” நல்லம்மா வேலிக்கு மேலால் கத்தினார்.

“அவ வாசிச்சதும் குடல்தான் அக்கா. நீங்கள் போய்க் கற்பூரத்தைக் கொளுத்துங்கோ.”

ஆவணி மாதம் ஏழு நரம்பும் கட்டியாயிற்று. காலையில் சுருதிப்பெட்டியை வைத்து ஏழையும் சேர்த்தார். நன்றாகத்தான் நின்றது. மாதா கோவிலில் மத்தியான மணி அடித்தது. ரீச்சர் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு நரம்பைத் தொட்டார்.

இறங்கியிருந்தது.

ஏழும் இறங்கியிருந்தன.

ரீச்சரின் கணவர் கனகரத்தினம் பௌதிகம் படிப்பிக்கிறவர். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

“காத்திலை ஈரம் இருந்தால் குடல் தளரும்.”

ஈரமா? அந்த ஆவணியில் கிணறே பாதிக்கு வற்றிக் கிடந்தது. சரி என்று ரீச்சர் மறுபடி ஏற்றினார். அடுத்த நாள் மத்தியானம் மறுபடி இறங்கியது. அதே அளவு. தளர்ந்த நரம்பு ஒன்று கூட, ஒன்று குறைய அல்லவா தளரும்? இது ஏழும் ஒத்தபடி, சுத்தமாக, கீழ்ப் பஞ்சமத்தில் வந்து நின்றது. யாரோ இருந்து சேர்த்த மாதிரி...

மூன்றாம் நாள் வார்க்கட்டு ஒவ்வொன்றிலும் இறுக்கி முடிச்சுப் போட்டார். மத்தியானம் பார்த்தால் முடிச்சு இருந்தது. ஆனால் அது அவர் போட்ட முடிச்சில்லை. அப்படி ஒரு முடிச்சை அவர் கண்டதேயில்லை. கட்டுகளின் மேல் வெள்ளைத் தூள். மோந்து பார்த்தார்.

சுண்ணாம்பு.

“இறங்கின சுருதியிலையே வாசியுமன். மேல் நரம்பும் அடிக்கடி அறுகுது. இந்த நீளத்துக்கு உம்மடை சுருதி கூடத்தான்” என்றார் கனகரத்தினம்.

“ஆர் இறக்கினது எண்டு தெரியாமல் அதிலை வாசிக்க நான் என்ன மடைச்சியே? என்ரை வீடு. என்ரை யாழ். சுருதி சேர்க்கிறது நான்!”

அடுத்த நாள் கனகரத்தினம் பள்ளிக்கூடம் போய்விட்டார். ரீச்சர் கதவு யன்னல் எல்லாம் திறந்து வைத்தார். அறை முழுக்க வெயில். யாழை மடியில் வைத்து, மேல் வார்க்கட்டை இடது கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு இருந்தார். அந்தக் கையில் ஒற்றைப் பச்சைக் கண்ணாடிக் காப்பு. பயம் இருந்ததா? இருந்தது. ஆனால் கோபம் அதைவிடக் கூட இருந்தது.

மணி அடிக்கத் தொடங்கியது.

வெளியே கத்திக்கொண்டிருந்த காகங்கள் நின்றன. மணி ஓய்ந்தது. ஒரு சத்தமும் இல்லை.

ஈரச் சுண்ணாம்பு மணத்தது...

கிறீக்.

கடைசிக் கட்டு. தானாகத் திரும்பியது.

கிறீக்... கிறீக்...

ஒவ்வொன்றாக மேலே வந்தது. ஆறாவது கட்டும் திரும்பி நின்றது. இனி அவர் கைக்குள் இருப்பதுதான்.

அதுவும் அசைந்தது. உள்ளங்கைக்குள், மெல்ல.

“விடமாட்டன்” என்றார் ரீச்சர்.

நின்றது.

பிறகு, அவர் மணிக்கட்டைச் சுற்றி ஒரு குளிர். ஒரு கை. கண்ணுக்குத் தெரியவில்லை. இறுக்கியது. காப்பு சதைக்குள் இறங்கியது.

“விடமாட்டன்!”

இன்னும் இறுக்கியது...

“விடமாட்டன்!!”

படீர்.

நரம்பு அறுந்தது. காகங்கள் கத்தின.

பின்னேரம் கனகரத்தினம் வந்து அந்தக் கையைப் பார்த்தார். நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

“நீரே மற்றக் கையாலை இறுக்கிப் பிடிச்சிருப்பீர்.”

ரீச்சர் தன் வலது கையைக் காயத்தின் மேல் வைத்துக் காட்டினார். பொருந்தவில்லை. பெருவிரல் அடையாளம் ஒன்று. மற்றப் பக்கம் விரல் அடையாளம் மூன்று. மூன்றே மூன்று. கனகரத்தினம் அன்றைக்குத் தேத்தண்ணி கேட்கவில்லை.

அந்தக் கிழமையே ஊரில் செல்குண்டு விழுந்தது. ரீச்சர் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அதிர்வில் கல் சரிந்து, பட்டு விலகி, சாந்து பாளம் பாளமாக உதிர்ந்துவிட்டது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். கோட்டைப் பற்றிய கை வெளியே தெரிந்தது.

மூன்று விரல். சின்ன விரல் இல்லை. உடைந்த இடமும் இல்லை. விரல் போய் ஆறிய தழும்பைச் சிற்பி அப்படியே செதுக்கி, இழைத்து விட்டிருந்தான்.

கனகரத்தினம் மணலில் குந்தியிருந்து ஈர்க்கால் கணக்குப் போட்டார். போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

“நீர் மூண்டு விரலை நாலு எண்டு கணக்கெடுத்திட்டீர். அதாலை உம்மடை யாழ் மூண்டிலை ஒரு பங்கு கூடிப்போச்சு. நாலிலை மூண்டு பங்குதான் சரியான நீளம். அந்தச் சுருதி இறங்கிறதும்...” அவர் ஈர்க்கைக் கீழே போட்டார். “கீழ்ப் பஞ்சமமும் நாலுக்கு மூண்டுதான். இவ்வளவு நீளத்துக்கு எது சுருதியோ, அதைத்தான் அது சரியா வைச்சிருக்கு.”

ரீச்சர் கல்லின் முன்னால் போய் நின்றார். கும்பிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“அளவு பிழைச்சது என்ரை பிழை. உம்மடை அளவிலை புதுசா ஒண்டு செய்விக்கிறன். ஆனால் பெரிசு நான் செய்தது, என்ரை வீட்டிலை இருக்கிறது. அதின்ரை சுருதியை நான் விட்டுத்தரமாட்டன்.”

சொன்னபடி செய்வித்தார். சின்ன யாழ் நின்ற சுருதியில் நின்றது, நரம்பும் அறவில்லை. தை மாதம் சபையில் வாசித்தார். கடைசியில் எல்லாருக்கும் முன்னால் சோமசேகரம் மாஸ்ரர் எழும்பினார்.

“எல்லாம் சரி. இந்த அளவு உண்மை எண்டதுக்கு ஆதாரம்?”

ரீச்சர் காப்பை மேலே தள்ளிக் கையை நீட்டினார். ஐந்து மாதமாகியும் நீலம் ஆறவில்லை. மாஸ்ரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சாந்து உதிர்ந்த பிறகு கல்லை வந்து இரண்டாம் தரம் பார்த்தவர் அவர், அந்தக் கையை மறந்திருக்க மாட்டார். மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார்.

“கண்டுதான் செதுக்கினவன், மாஸ்ரர்” என்றார் ரீச்சர்.

பெரிய யாழின் வழக்கு மட்டும் தீரவில்லை. மத்தியானம் அது இறக்கும், பின்னேரம் இவர் ஏற்றுவார். ஒரே குசினியில் மாமியும் மருமகளும் சட்டியை மாற்றி மாற்றி வைப்பது போல, இரண்டு வருசம் நடந்தது. ஒரு நாளும் ரீச்சர் ஏற்றாமல் விடவில்லை.

1995 ஐப்பசி. ஆமி வருகிறது என்று வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பி நடந்தது. இருந்தது ஒரு சைக்கிள். சின்ன யாழைப் பாயில் சுற்றிக் கட்டினார்கள், பெரியதற்கு இடமில்லை. கனகரத்தினம் படலையில் நின்று அவசரப்படுத்த, ரீச்சர் உள்ளே போய் ஏழு நரம்பையும் கடைசியாக ஒரு முறை தன் சுருதிக்கு ஏற்றினார்.

“விட்டிட்டுப் போறன் எண்டு நினையாதை” என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலையில் இடம் கிடைத்தது. ஒரு கிழமை கழித்து நல்லம்மா வந்து சேர்ந்தார். நடக்கமாட்டாத தமையனோடு ஊரில் கடைசிமட்டும் நின்றவர். ரீச்சரைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

“பிள்ளை... நீ எப்ப திரும்பி வந்து போனனி?”

“நான் வரேல்லையே அக்கா. ஏன்?”

“ஊரிலை ஒரு குஞ்சு குருமன் இல்லை. கோயில் மணி அடிக்கவும் ஆள் இல்லை. மழை விட்டு உச்சி வெயில் எறிக்குது. உங்கடை அறையிலை சத்தம்... இறக்கிற சத்தம். பிறகு ஏத்திற சத்தம். பிறகும் இறக்கிற சத்தம்...”

கனகரத்தினம் கிட்ட வந்தார்.

“யன்னலாலை எட்டிப் பார்த்தன் பிள்ளை. கோட்டிலை ரெண்டு கை. ஒண்டிலை மூண்டு விரல்.”

“மற்றது?”

நல்லம்மா ரீச்சரின் கையில் கிடந்த பச்சைக் காப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரீச்சர் பயப்படவில்லை. அழவுமில்லை. வந்த நாளிலிருந்து குனிந்தே கிடந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

“விடமாட்டன் எண்டு சொன்னனான்தானே” என்றார்.

அந்த வகுப்பறையில் அவரோடு இருந்தவர்கள் எல்லாரும் இதைக் கண்டவர்கள். ஒவ்வொரு நாளும் உச்சி வேளையில் ரீச்சரின் இடது கை தானாகப் பொத்திக்கொள்ளும். விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்லத் திருகும். மணிக்கட்டில் அந்த நாலு அடையாளமும் புதிதாகச் சிவக்கும். யாரும் கூப்பிட்டால் அப்போது அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.