பதினொரு வயதில் சட்டசபைக்குப் போன கவர்னர்

தச்சநல்லூரில் இருபத்தாறு வருஷம் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். வந்த வேலையில் பாதி ஆய்வேடுகள்தான். நான் வாய் திறக்காமல் இருந்ததால் ஒருவருடைய பிஎச்.டி. கைநழுவப் பார்த்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

அவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். சார் என்றே சொல்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்கு கவர்னராக இருந்தவரின் அரசியல் வாழ்க்கைதான் அவருடைய ஆய்வு. அங்கே கவர்னரும் ஓட்டு வாங்கித்தான் வரவேண்டும் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பல்கலைக்கழகம் கெடுவை இரண்டு தடவை நீட்டியிருந்தது. இனி நீட்டமாட்டார்கள்.

ஐந்து அத்தியாயமும் அடித்து முடித்து, கடைசியாகக் காலவரிசை அட்டவணை போட்டேன். அதில் ஒன்று உறுத்தியது. கவர்னர் பிறந்த வருஷத்துக்கும் முதன்முதலாக சட்டசபை உறுப்பினரான வருஷத்துக்கும் நடுவே பதினொரு வருஷம்தான். நான் தப்பாக அடித்தேனோ என்று சாரின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது. இவ்வளவு படித்தவருக்கு, பத்தாவது முடித்த நான் என்ன சொல்வது என்று இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பைண்டிங்குக்குக் கொடுக்கப் போகும்போது மனசு கேட்கவில்லை. போன் போட்டேன். மறுநாள் சாயங்காலம் கெடு.

“சார், உங்க கவர்னர் பதினொரு வயசுல சட்டசபைக்குப் போயிருக்காரே, சரிதானா?”

“பைண்டிங்குக்குக் கொடுத்துராதீங்கம்மா, இந்தா வாரேன்” என்றார்.

வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினார். கொண்டுவந்த குறிப்புகளோடு ஒப்பிட்டதில் விஷயம் தெரிந்தது: கவர்னருக்கு அதே பெயரில் ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார். சார் நம்பி எடுத்த ஒரு பழைய புத்தகம் இரண்டு பேரையும் ஒருவராக்கியிருந்தது. அந்த அத்தியாயத்தில் ஒன்பது பக்கம் பெரியப்பாவுடையது.

“முடிவுரையும் போச்சும்மா. சட்டசபை அனுபவந்தான் இவரைக் கவர்னராக்குச்சுன்னுல்லா எழுதிருக்கேன்” என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரியப்பாவை எடுத்துவிட்டால் இவரிடம் என்ன மிச்சம் என்று கேட்டேன். மரம் அறுக்கும் மில் நடத்தியது, கொஞ்ச நாள் நீதிபதியாக இருந்தது, நேராகக் கவர்னர் தேர்தலில் நின்று சொற்ப ஓட்டில் ஜெயித்தது, அடுத்த முறை தோற்றது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். பதவிக்காலம் முழுக்க கவர்னர் சட்டசபையோடு மோதியது ஏன் என்று சாருக்கே அப்போதுதான் பிடிபட்டது. அந்த மனிதருக்கு சட்டசபைப் பழக்கமே கிடையாது.

அதையே புது முடிவுரையாக சார் சொல்லச் சொல்ல அடித்தேன். பக்க எண், அடிக்குறிப்பு, பொருளடக்கம் எல்லாம் மாறின. ஜங்ஷன் பைண்டர் அண்ணாச்சி மற்ற வேலையை ஒதுக்கிவைத்துச் செய்து கொடுத்தார். மறுநாள் நாலரை மணிக்கு சார் போன் பண்ணினார். “வாங்கிட்டாங்கம்மா. சீல் போட்டுட்டாங்க.” அதற்குப் பிறகுதான் நான் மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தேன்.

வாய்மொழித் தேர்வில், பழைய புத்தகத்தில் இருக்கும் சட்டசபை வருஷங்களை ஏன் விட்டீர்கள் என்றுதான் தேர்வாளர் முதலில் கேட்டாராம். சாரிடம் பதில் தயாராக இருந்தது.

அந்த இரண்டு நாள் மௌனத்தை, அவர் பட்டம் வாங்கிய பிறகுதான் சொன்னேன். மூணாவது நாளாவது சொன்னீங்களே என்று சிரித்தார். நீங்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுதியவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் சரி.