கரும்பு மணப்பெண்ணின் காப்பி

என் தங்கை வார்ஸிக்குப் பொறாமை அதிகம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் மறுக்க மாட்டேன். சின்ன வயதில், என் தட்டில் விழுந்த மரவள்ளித் துண்டு தன்னுடையதைவிடப் பெரியதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயில் போடுவாள். கரும்பு வெட்டப் போனால் ஆண்களைவிட ஒரு கட்டாவது கூடுதலாகத் தூக்கி வருவாள். பக்கத்து வீட்டு யாத்மியின் மகன் சுரபாயா நகரத்தில் வேலைக்குச் சேர்ந்தான் என்றதும், தன் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்து அங்கேயே அனுப்பினாள். இந்தப் பொறாமை இல்லாவிட்டால் அவள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டாள் என்பது என் எண்ணம்.

அப்படிப்பட்டவள் ஒரு பேய்மேல் பொறாமைப்பட்ட கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆலை வாசலுக்கு எதிரே டோஃபு பொரித்து விற்கிறவள் நான். நடந்தது எனக்குத்தான் சரியாகத் தெரியும்.

எங்கள் சர்க்கரை ஆலையில் அரைவை தொடங்கும் நாளில், நல்ல கரும்பாக இரண்டைப் பொறுக்கி எடுத்து, மாப்பிள்ளை பெண்ணாக உடுத்தி, பெயர் வைத்து, கல்யாணம் முடித்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் முதலில் சாறு பிழியும் உருளைகளுக்குள் விடுவார்கள். ஆலையின் கடைசி வருடத்திலும் கல்யாணம் முடிந்தது. அரைவை தொடங்குவதற்குள் ஆலையை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. மாப்பிள்ளைக் கரும்பை ஆடு தின்றுவிட்டது. அது யாத்மியின் ஆடு. அவள் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. மணப்பெண் மட்டும் உருளைக்கூடத்துச் சுவரில் சாய்ந்தபடி நின்றது.

அதன்பிறகு கூரைத் தகடுகள் திருட்டுப்போயின. புகைபோக்கியில் ஆலமரம் முளைத்தது. ஆனால் காற்றே இல்லாத மாலைகளில் அங்கே பாகு காய்ச்சும் வாசனை வரும். துருப்பிடித்த தண்டவாளத்தைத் தாண்டிப் போகிறவர்களிடம் கல்யாணக் கோலத்தில் ஒருத்தி வந்து, "மாப்பிள்ளை ஊர்வலம் எங்க வருது?" என்று கேட்பாளாம்.

வார்ஸியின் புருஷன் கஸ்மின், அந்த உருளைகளுக்குக் கரும்பு ஊட்டியவர். அந்த வருடம் மணப்பெண்ணை உள்ளே விட வேண்டியவரும் அவர்தான். இப்போது பாழடைந்த ஆலைக்கு அவரே காவலாள். வியாழக்கிழமை மாலையானால் அந்த மணப்பெண்ணுக்கென்று உருளைகளின் அடியில் பூ, வெற்றிலை, சீப்பு, கண்ணாடி, ஒரு கிளாஸ் காப்பி வைப்பார். அந்தக் காப்பிக்கு அவரே கொட்டை வறுப்பார், அவரே இடிப்பார், இஞ்சி தட்டிப் போடுவார். வீட்டிலோ, அடுப்பில் கெண்டி கொதித்து வழிந்தால்கூட இறக்கி வைக்கத் தெரியாத மனுஷன்.

யாத்மி சும்மா இருப்பாளா? "வார்ஸி, இன்னைக்கு உன் சக்களத்திக்குப் புதுச் சீப்பாமே?" என்றாள் என் கடையில் உட்கார்ந்துகொண்டு.

வார்ஸி நேராக வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். புருஷனை அவள் 'காங்' என்றுதான் கூப்பிடுவாள்.

"காங், என் சீப்புல பாதிப் பல்லு இல்ல. அது உங்க கண்ணுக்குத் தெரியல. கரும்புக்கு ஏதுங்க தலைமுடி? அதுக்கு எதுக்குச் சீப்பு?"

"மெதுவாப் பேசு. அவ காதுல விழும்."

"விழட்டும்! கல்யாணம் ஆகி இத்தனை வருஷம். ஒரு நாள் எனக்குக் காப்பி போட்டுக் குடுத்திருக்கீங்களா?"

"நீதான் நல்லாப் போடுறியே," என்றார் கஸ்மின். இப்படித்தான் ஒரு ஆண்பிள்ளை நெருப்பில் எண்ணெய் ஊற்றுவான்.

மறுநாள் விடிந்ததும், அவர் படையலை எடுக்கப் போகும் முன்பே, வார்ஸி ஆலைக்குள் போய் அந்தக் காப்பியைக் குடித்துவிட்டாள். எங்கள் ஊரில் குலைநடுங்காமல் அந்தக் கூடத்துக்குள் தனியாகப் போகிற பெண் வேறு யார்? திரும்பும் வழியில் என் கடைக்கு வந்தாள்.

"எப்படிடி இருந்துச்சு?"

"ஆறிப்போயும் நல்லாத்தான் இருக்கு, அக்கா. அதுதான் வயிறு எரியுது."

ஆவிகள் வாசனையை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். படையல் அப்படியே இருக்கும். காலிக் கிளாஸைப் பார்த்த கஸ்மின் அதை ஊருக்கே காட்டினார். அடுத்த ஊரிலிருந்தெல்லாம் பூவோடு ஆட்கள் வந்தார்கள். என் டோஃபு மத்தியானத்துக்குள் தீர்ந்தது. அடுத்த வியாழக்கிழமை கஸ்மின் முகம் மழித்து, பாத்திக் சட்டை போட்டு, காப்பியோடு பனைவெல்லக் கட்டியும் கொண்டுபோனார். அதையும் வார்ஸி விடவில்லை. ஒவ்வொரு வாரமும் இதே கதை. ஒவ்வொரு வாரமும் கஸ்மின் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து, "ஒரு சொட்டு மிச்சம் வைக்கல! அவளுக்கு என் கைப்பக்குவம் பிடிச்சிருக்கு," என்பார்.

"குடிச்சது நான், அக்கா. பேரு அவளுக்கு," என்று என்னிடம் வந்து அழுதாள் வார்ஸி. தன் வயிற்றுக்குள் போன காப்பிக்காக யாராவது பொறாமைப்படுவார்களா? என் தங்கை பட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆத்திரத்தில் அந்தப் புதுச் சீப்பையும் எடுத்துத் தலை வாரிவிட்டு வந்தாள். அன்று கஸ்மின் யாருக்கும் கிளாஸைக் காட்டவில்லை. சீப்பை என் கடைக்கு எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். பல்லில் ஒரு முடி சிக்கியிருந்தது. பாதி கறுப்பு, பாதி நரை.

"மணப்பெண்ணுக்கு நரைக்குமா, அக்கா?" என்றார்.

"எனக்கென்னப்பா தெரியும்," என்று டோஃபுவைத் திருப்பிப் போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கஸ்மின் அடுப்படியிலிருந்து இரண்டு கிளாஸோடு வந்தார். ஒன்றைப் படையல் தட்டில் வைத்தார். இன்னொன்றை வார்ஸியின் முன்னால் வைத்தார்.

வார்ஸி அந்தக் கிளாஸையே பார்த்தாள். பிறகு எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"இதுல இஞ்சி எங்க? ஆலையில குடிச்சப்ப நாக்குல சுருக்குன்னு இருந்துச்சே! அவளுக்குன்னா இஞ்சி, வெல்லம். எனக்குன்னா வெறும் கறுப்புத் தண்ணியா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

கஸ்மின் சிரிக்கவில்லை. "மறந்துட்டேன், வார்ஸி," என்று அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் வார்ஸி வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

இப்போது ஆலையில் கிளாஸ் நிறைந்தே இருக்கிறது. மணப்பெண் கோபித்துக்கொண்டாள் என்று ஊர் பேசுகிறது. என் வியாபாரமும் பழையபடி ஆகிவிட்டது. வியாழக்கிழமைகளில் இரண்டு கிளாஸ்தான் போடுகிறார் கஸ்மின். அவர் தட்டைத் தூக்கும் முன் வார்ஸி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காப்பி ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறாள்.