செல்லப்பன் சம்மன் கொடுக்க வரவில்லை

மலாயாவில் சிகாமட் கோர்ட்டில் பதினான்கு வருஷம் சம்மன் சேவகராக இருந்த செல்லப்பன், ஒரு சம்மனைக்கூட ‘ஆள் இல்லை’ என்று எழுதித் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. ஆள் இருந்தால் கையில் கொடுப்பார். ஆள் ஓடினால் கூடவே ஓடுவார். வெள்ளம் வந்த வருஷம் ஒருவர் தன் வீட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார். செல்லப்பன் சம்பான் படகை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனார். காப்பாற்றத்தான் வருகிறார்கள் என்று அந்த மனிதர் இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கையில் சம்மனை வைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அவரைப் படகில் ஏற்றினார்.

“மொதல்ல வேலை. மத்ததெல்லாம் அப்புறம்” என்பார் கேட்டவர்களிடம்.

ஆள் நெட்டையாக, பனைமரத்துக்குச் சட்டை போட்டதுபோல் இருப்பார். காக்கிக் கோட்டு, மார்பில் பித்தளை வில்லை, வெயிலோ மழையோ தலைக்கு மேல் கறுப்புக் குடை. அரை மைலுக்கு அப்பாலிருந்தே அந்தக் குடை தெரியும். அதனால் சில சமயம் தந்திரமும் செய்ய வேண்டியிருந்தது. ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டில் வாழைப்பழச் சீப்புக்கு அடியில் சம்மனை வைத்து மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் நீட்டிவிட்டார். ஆடு மேய்ந்த வழக்கு அது. ஊர் அதை மறக்கவில்லை.

1931-ஆம் வருஷம் கோர்ட்டுப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தலைமைச் சேவகர் வேலை காலி. ஏழு சேவகர்களையும் அவர்தான் மேய்க்க வேண்டும். யார் எந்தப் பக்கம் போவது, யார் சொல்லும் சாக்கை நம்புவது, யாருக்கு லீவு கொடுப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. தனி மேசை உண்டு. நாற்காலிக்குக் கையும் உண்டு.

விண்ணப்பத்தைச் செல்லப்பனே உட்கார்ந்து எழுதினார். பதினான்கு வருஷமாக அவர் படித்த ஒரே எழுத்து சம்மன்தான். கோர்ட்டுக் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி லூயிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“‘இதனால் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில், மேற்படி வேலையை மேற்படி செல்லப்பனுக்குத் தங்கள் கையாலேயே தரவேண்டியது. தவறினால் தாங்கள் இல்லாமலே தீர்ப்பாகும்.’ ஏன்யா செல்லப்பா, துவான் மஜிஸ்திரேட்டுக்கே சம்மன் அனுப்புறியா?”

“மரியாதையாத்தானே எழுதியிருக்கேன், கிராணி?”

லூயிஸ் பெருமூச்சு விட்டு, தானே இங்கிலீஷில் வேறொன்று எழுதிக் கொடுத்தார். “இது போதாது. ஊர்ப் பெரிய மனுஷங்க மூணு பேருகிட்ட நற்சான்று வாங்கிட்டு வா. அர்ச்சுனன் இப்பவே பதினொண்ணு வச்சிருக்கான்.”

அர்ச்சுனன் இன்னொரு சேவகர். உருண்டையான உடம்பு, வெற்றிலைச் சிரிப்பு. எந்தக் கம்பத்துக்குள், எந்தக் குக்கிராமத்துக்குள் நுழைந்தாலும் “அண்ணே வாங்க, சாப்பிட்டுப் போங்க” என்று வாசலுக்கு வந்து அழைப்பார்கள். பதினொன்று என்று கேட்டதும் செல்லப்பன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவி ராஜம்மாவிடம் சொன்னார்.

“ஒங்களுக்குத் தெரிஞ்ச பெரிய மனுஷங்க மூணு பேரு இல்லியா?” என்றாள் அவள்.

“மூணா? முன்னூறு பேரு இருக்காங்க. எல்லார் கையிலயும் நான் குடுத்திருக்கேனே.”

“அதான் எனக்கு யோசனையா இருக்கு.”

கோர்ட்டுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் செல்லப்பன் குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார். முதலில் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கிராணி சபாபதியிடம் போனார். சபாபதி எழுத்தும் படிப்பும் உள்ளவர். அவர் எழுதிக் கொடுத்தால் எடுபடும். ஆனால் ஆபீஸ் வராந்தாவில் நின்றிருந்த சபாபதி, ரப்பர் மரங்களுக்கு நடுவே கறுப்புக் குடை அசைந்து வருவதைப் பார்த்ததும், பக்கத்திலிருந்த புகைக் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, அடியில் விறகு மூட்டி உலர்த்துகிற கொட்டகை அது.

செல்லப்பன் கதவுக்கு வெளியே குடையை மடக்கிவிட்டு நின்றார். “கிராணி, நான் சம்மன் கொண்டாரல. ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

பதினான்கு வருஷமாக அவர் சம்மன் கொடுக்கும்போது சொல்கிற அதே வார்த்தை அது. உள்ளே இருமல் கேட்டது.

“கையெழுத்தெல்லாம் போட முடியாது. அந்தச் சைக்கிள்ல வெளக்கு இருந்துச்சு. காத்துல அணைஞ்சிருச்சு.”

“எந்தச் சைக்கிளு?”

“அப்ப அந்த வேலி விஷயமா? அது என் மச்சான் பிடுங்கினது.”

செல்லப்பன் பொறுமையாக உட்கார்ந்தார். முக்கால் மணி நேரத்தில் சபாபதி தன்னைப் பற்றி ஐந்து குற்றங்களையும் தன் மச்சானைப் பற்றி ஒன்பதையும் ஒப்புக்கொண்டார். கடைசியில் புகை தாங்காமல் கதவைத் திறந்து வெளியே விழுந்தபோது கருவாட்டின் நிறத்தில் இருந்தார். செல்லப்பன் எழுந்து கை கொடுக்கப் போனார். நீட்டிய கையைப் பார்த்ததும் சபாபதி எழுந்து காட்டுக்குள் ஓடிவிட்டார்.

அடுத்து ஜவுளிக்கடை சந்திரமதி அம்மாள். கடைத்தெருவில் அந்த அம்மாள் சொன்னால் சொன்னதுதான். செல்லப்பன் படியேறும்போது கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், கண் இமைக்கும் நேரத்தில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“வணக்கங்கம்மா.”

“அவங்க இல்ல. ஈப்போ போயிருக்காங்க. நான் அவங்க தங்கச்சி.”

செல்லப்பனுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அந்த அம்மாளுக்குத் தங்கையே கிடையாது என்பதும் தெரியும். ஆனால் வந்தது காரியத்துக்காக. “சரிங்க. தங்கச்சியே எழுதிக் குடுத்தாலும் போதும். நான் நல்லவன்னு ரெண்டு வரி.”

“தங்கச்சிக்கு எழுதத் தெரியாது.”

“ஒரு கைநாட்டு?”

“தங்கச்சிக்குக் கையில புண்ணு.”

“அக்கா எப்ப வருவாங்க?”

“அவங்க இனிமே வரமாட்டாங்க. கடையை எனக்கே குடுத்துட்டாங்க.” சொல்லிவிட்டு முந்தானைக்குள்ளிருந்தே ஒரு மாதிரி அழவும் ஆரம்பித்தார். செல்லப்பனுக்குச் சங்கடமாகிவிட்டது. ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினார்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட ராஜம்மா, “அந்தக் காக்கிக் கோட்டும் குடையும் இருந்தா யாருதான் நிப்பாங்க? வேட்டி கட்டிக்கிட்டு, தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு, மரியாதையா போயிட்டு வாங்க” என்றாள். நல்ல யோசனை என்றுதான் செல்லப்பனுக்கும் பட்டது. மறுநாள் கோர்ட்டு வேலை முடிந்ததும் பட்டுக்கரை வேட்டி கட்டி, திருநீறு பூசி, தட்டோடு கோயில் கமிட்டித் தலைவர் காளியப்பனைப் பார்க்கப் போனார்.

காளியப்பன் கோயில் வாசலில் நான்கு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். வேட்டியில் வந்தவரை முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சிரித்தபடியே இரண்டடி எடுத்துவைத்தார். அப்புறம்தான் தட்டைப் பார்த்தார். தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பார்த்தார். அந்தக் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு சம்மன் வாங்கியவர் அவருடைய சொந்தச் சம்பந்தி.

“அலமாக்! பழத்தோட வர்றான்யா!”

அவ்வளவுதான். நான்கு பேரும் நான்கு திசையில் போனார்கள். காளியப்பன் வாகன அறைக்குள் ஓடி மர மயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். செல்லப்பன் வாசல்படியில் நின்று பார்த்தார். மயிலுக்கு இரண்டு கால்தான் இருக்க வேண்டும். நான்கு இருந்தது.

“ஐயா, பழத்துக்கு அடியில ஒண்ணுமில்லீங்க. வேணும்னா தூக்கிக் காட்டுறேன்.”

மயிலின் பின்னங்கால்கள் இரண்டும் இன்னும் உள்ளே நகர்ந்தன. செல்லப்பன் சீப்பைத் தூக்கிக் காட்டினார். வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பாக்கைக் காட்டினார். கடைசியில் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று அவருக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் ஒருவரிடமும் கை நீட்டாமல், ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் வேலை பார்த்ததற்கு மூன்று பேர் நின்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று ராஜம்மாவிடம் கேட்டார்.  அவள் கருவாட்டை இன்னும் ஒரு துண்டு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நேர்காணல். ‘துவான்’ என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் மஜிஸ்திரேட் ஜொகூர்க்காரர், மலாயில் மெதுவாகப் பேசுகிறவர், யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. பெரிய கிராணி லூயிஸ் பக்கத்தில் நின்றார். முதலில் அர்ச்சுனன் தன் பதினொரு கடிதங்களையும் சிவப்பு நாடா கட்டி மேசைமேல் வைத்தார். துவான் ஒவ்வொன்றாக எடுக்க, லூயிஸ் வாசித்து மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“‘அர்ச்சுனனைப் போல் தங்கமானவர் இல்லை. நான் இருபது வருஷமாக லாபிஸ் ரோட்டில் இதே வீட்டில் இருக்கிறேன். ஒருநாளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.’”

அடுத்த கடிதமும் அப்படித்தான். தொந்தரவு செய்ததே இல்லை. அதற்கடுத்ததும். ஐந்தாவது கடிதத்தில் லூயிஸின் குரல் மெல்ல இறங்கியது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போய், திருப்பி வந்த சம்மன்களின் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பதினொரு பெயரும் அதில் இருந்தன. ஒருவர் சயாமுக்குப் போய்விட்டார். ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. லாபிஸ் ரோட்டுக்காரருக்கு நேராக, இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியில், அர்ச்சுனன் கையெழுத்தில், ‘காலமாகிவிட்டார்’ என்று இருந்தது.

துவான் கடிதத்தின் அடியிலிருந்த தேதியைப் பார்த்தார். போன வாரத் தேதி. “இவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறதே?”

அர்ச்சுனன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அப்ப கொஞ்சம் ஒடம்பு முடியாம இருந்தாரு, துவான். இப்பத் தேவலாம்.”

துவான் செல்லப்பன் பக்கம் திரும்பினார். அவர் முன்னால் ஒரு காகிதமும் இல்லை. “பதினான்கு வருஷத்தில் உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல மூன்று பேர்கூட இல்லையா?”

“சொல்றதுக்கு நிக்க மாட்டேங்கிறாங்க, துவான்.”

“நிற்க மாட்டார்களா? அப்படியென்றால்?”

செல்லப்பன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். துவான் எழுந்து ஜன்னலருகே போனார். கீழே கடைத்தெரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நெரிந்துகொண்டிருந்தது. “இங்கிருந்து அந்தக் காப்பிக் கடை வரைக்கும் போய்விட்டு வா.”

செல்லப்பன் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அவர் கோர்ட்டு வாசலைத் தாண்டியதும் ஒருவர் பார்த்தார். அவர் இன்னொருவரைத் தொட்டார். காய்கறிக்காரி கூடையைக் கவிழ்த்து அதற்குப் பின்னால் குனிந்தாள். முடி வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் கத்திரியோடு ஓடினார். பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவரும் துணியைக் கழுத்தில் கட்டியபடி எதிர்ப்பக்கம் ஓடினார். காப்பிக் கடை முதலாளியான சீனத் தவ்க்கே மேசைக்கு அடியில் போனார். செல்லப்பன் கடை வாசலை அடைந்தபோது தெருவில் மிஞ்சியது ஓர் ஆடும், நேற்றுத்தான் ரயிலில் வந்து இறங்கிய ஒரு மனிதரும்தான். அந்த மனிதர் லாபிஸுக்கு எந்தப் பக்கம் என்று செல்லப்பனிடம் வழி கேட்டார். செல்லப்பன் சந்தோஷமாக, மூன்று தடவை வழி சொன்னார்.

ஜன்னலில் நின்ற துவான், “கிராணி, இதைப் பார்த்தீரா?” என்று திரும்பினார். லூயிஸ் அலமாரிக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தார். அவர்மீது எந்த வழக்கும் இல்லை. பழக்க தோஷம்.

சிகாமட் கோர்ட்டில் துவான் மஜிஸ்திரேட் வாய்விட்டுச் சிரித்தது அன்று ஒருநாள்தான் என்று சொல்வார்கள். இவருக்கு நற்சான்று ஊரே எழுதிக் கொடுத்துவிட்டது என்று சொல்லி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். அர்ச்சுனனை வேலையை விட்டு நீக்கவும் காகிதம் எடுத்தார்.

“அவரை எனக்குக் கீழ விட்டுருங்க, துவான்” என்றார் செல்லப்பன். நிர்வாகியாக அவர் பேசிய முதல் பேச்சு அது.

திங்கட்கிழமை அர்ச்சுனன் கையில் அந்தப் பதினொரு சம்மன்களும் புதிதாக எழுதிக் கொடுக்கப்பட்டன. செல்லப்பனைக் கண்டால் ஓடுகிறவர்கள் அர்ச்சுனனைக் கண்டால் ஓட மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அப்படியே நடந்தது. வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள். இலை போட்டார்கள். அர்ச்சுனன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கண்ணீர் விட்டுக்கொண்டே மடியிலிருந்து சம்மனை எடுத்தார். ‘இறந்துபோனவர்’ அதை வாங்கிக்கொண்டு அர்ச்சுனனுக்கே ஆறுதல் சொல்லி மோர் கொடுத்தாராம். அந்த வருஷம் சிகாமட்டிலிருந்து பெக்கோக் வரைக்கும் ஒரு சம்மன்கூடத் திரும்பி வரவில்லை. சாப்பிடக் கூப்பிட ஆளில்லாமல் அர்ச்சுனனும் பாதியாக இளைத்துப்போனார்.

செல்லப்பன் மட்டும் புது வேலையில் நிறைந்து வழிந்தார். முன்பெல்லாம் கம்பம் கம்பமாக அலைந்து இருட்டும்போது வீட்டுக்கு வருகிறவர், இப்போது நாலு மணிக்கே வந்து, கை வைத்த நாற்காலி ஒன்றை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தார். எந்தப் பானை எங்கே இருக்க வேண்டும், யார் எப்போது தண்ணீர் எடுக்க வேண்டும், ரசத்துக்கு ஏன் தாமதம் என்றெல்லாம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். வீட்டில் இருந்தது ராஜம்மாவும் அவரும் மட்டும்தான்.

மூன்று மாதம் பொறுத்த ராஜம்மா, ஒருநாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லூயிஸ் வீட்டுக்கே போய்விட்டாள்.

“கிராணி ஐயா, ஜொகூர் பாருல பெரிய கோர்ட்டு இருக்காமே. அங்க இவருக்கு இதைவிடப் பெரிய வேலை ஏதாச்சும் காலியா இருக்கா? இருந்தாச் சொல்லுங்க லா, நானே எழுதிப் போடுறேன். சாட்டிபிகேட்டு எத்தனை வேணும்னாலும் தர்றேன்.”