டீசல் தின்ற பாக்டீரியா யாருடையது

ரஃபீக்கா துனீசியாவின் கெர்கென்னா தீவுக்காரி. அவள் அப்பா ஸீ அம்மார், ஆழமில்லாத கடலில் பேரீச்ச மட்டையால் வேலி கட்டி மீன் பிடிப்பவர். அந்த வேலிக்கடியில் கிடந்த சேற்றைத்தான் அவள் முனைவர் ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் வாளியில் அள்ளி, படகேறி ஸ்ஃபாக்ஸுக்குக் கொண்டுவந்தாள். பல்கலைக்கழகத்தின் கடல் நுண்ணுயிர் ஆய்வகத்தில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. சேற்றிலிருந்து அவள் பிரித்தெடுத்த பாக்டீரியா டீசலைத் தின்றது. நாலு வருஷம் அதோடு மல்லுக்கட்டி எழுதிய கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது.

எங்கள் பேராசிரியை மேடம் பஸ்மா ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு முன் மாணவர்களின் சாதனைகளைக் கொண்டாடுவார். அந்த ஆண்டு இரண்டு கேடயங்கள். ஒன்று ரஃபீக்காவுக்கு. மற்றது அதே ஆய்வகத்தில் இருந்த வஸீமுக்கு. துறைமுகத் தண்ணீரிலிருந்து அவன் எடுத்த பாக்டீரியாவும் எண்ணெய் தின்னிதான்; அது மாநாட்டில் பரிசு வாங்கியிருந்தது.

அன்று காலை ரஃபீக்கா வழக்கம்போல எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். "கிருமி வெக்கிற ஃபிரிட்ஜுல விருந்துக்கு வாங்கின பக்லாவா இனிப்ப வெச்சது யாருடா? வஸீம், நீதானே?"

"உன் பூச்சி டீசலே தின்னுது. பக்லாவாவையும் தின்னு பார்க்கட்டுமே."

சிரித்துக்கொண்டே போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். அவளுடைய பாக்டீரியாவின் முழு மரபணு வரிசை அன்றுதான் வந்திருந்தது. அதை எங்கள் ஆய்வகத்தின் மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். திரும்பவும் ஒப்பிட்டாள்.

"தூஜா, அந்தக் கதவைச் சாத்து."

சாத்தினேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"இது என்னோடது இல்ல. வஸீமோடது."

எனக்கு உடனே புரியவில்லை; அவளே விளக்கினாள். எப்போதோ ஒருநாள் வஸீமின் சோதனைக்குழாயிலிருந்து ஒரு துளி அவளுடையதில் கலந்திருக்கிறது. வேகமாக வளரும் அது அவளுடையதை அழுத்தி ஒழித்துவிட்டது. "கட்டுரையில இருக்கிற சோதனைய எல்லாம் எதை வெச்சு செஞ்சேன்னே தெரியலடி," என்றாள். மாடிப்படியில் பேச்சுக் குரல் கேட்டது. விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

இருவரும் மேடத்தின் அறைக்கு ஓடினோம். மேடம் அந்த வரிசைகளை மூன்று முறை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்குத்தான்."

"டீன் வந்துட்டார். உங்கப்பாவும் வந்திருக்கார், பார்த்தியா? இன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் ரஃபீக்கா. நாளைக்கு நானே ஆய்விதழுக்கு எழுதுறேன்."

ரஃபீக்கா தண்ணீர் கேட்டாள். கொடுத்ததைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு நடந்தாள்.

ஸீ அம்மார் முன்வரிசையில் இருந்தார். கல்யாணங்களுக்குப் போடுகிற கோட்டு, மடியில் ஒரு கூடை காய்ந்த கணவாய். மகளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். டீன் பேசினார், பேசினார், முடிப்பதாகவே இல்லை. கடைசியில் அவள் பெயரைச் சொல்லிக் கேடயத்தை எடுத்தார்.

ரஃபீக்கா மேடையேறினாள். கையை நீட்டவில்லை.

"மன்னிக்கணும் ஸார், இதை நான் வாங்க முடியாது," என்று பிரெஞ்சில் தொடங்கினாள். நடந்ததைச் சொன்னாள். எதையும் விடவில்லை.

வஸீம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அப்போ நான்தான் உன் குழாயைக் கெடுத்தேன்னு சொல்றியா?"

"யாரு கைன்னு தெரியல. என் கையாவும் இருக்கலாம்."

"அதை எல்லார் முன்னாலயும்தான் சொல்லணுமா?"

"கேடயத்தை எல்லார் முன்னாலயும்தானே குடுக்கறாங்க?"

அவன் வெளியே போய்க் கதவை அறைந்து சாத்தினான். டீன் கேடயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தார். மேடம் பஸ்மா எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்தபோது, "அந்தக் கட்டுரையில என் பேரும் இருக்கு. நானும்தான் சரிபார்க்கல," என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெற எழுதினார்.

ஸீ அம்மாருக்குப் பிரெஞ்சு அரைகுறை. திரும்பி என்னைக் கேட்டார்: "ஏம்மா, யாரும் கை தட்டலையே?"

ரஃபீக்காவே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தப்பாப் போச்சு பாபா. அது நம்ம கடல் பூச்சி இல்ல."

"எங்கயாவது திருடினியா?"

"இல்ல."

"பின்ன ஏன் அழற?"

"நாலு வருஷம், பாபா."

ஸீ அம்மாரின் கூடை மடியிலேயே இருந்தது. பக்லாவாவை யாரும் தொடவில்லை.

பல வாரம் வஸீம் அவளோடு பேசவில்லை. தன் குழாய்களையும் சோதித்துப் பார்க்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு. அவை சுத்தமாக இருந்தன. அது உறுதியான பிறகு ஒருநாள் அவள் மேசையருகே வந்து நின்றான். "உறைபெட்டி அடியில உன்னோட பழைய குழாய்ங்க கிடக்கும். எடு, வளர்த்துப் பார்ப்போம்," என்றான். பாதி செத்திருந்தன. மீதியில் பல அவனுடையதாகவே இருந்தன. ஒன்றில் மட்டும் வெளிர் மஞ்சளாக வேறொன்று முளைத்தது, சேற்றிலிருந்து வந்த அவளுடைய அசல் பாக்டீரியா. அதுவும் டீசலைத் தின்றது, ஆனால் ஆமை வேகத்தில்.

அதை வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள். வெளிவந்தது சின்ன இதழில், சின்னக் கட்டுரையாக. விரிவுரையாளர் வேலைக்குப் போன இடத்தில், "டீன் முகத்துல கரி பூசின பொண்ணு நீதானா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது மஹ்தியா ஊரில் தண்ணீர் சோதிக்கும் கூடமொன்றில் வேலை பார்க்கிறாள்.

அவளுடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, அந்தச் சின்னக் கட்டுரை வந்த குளிர்காலத்தில் நடந்தது. புயற்காற்றில் தீவுப் படகு ஓடவில்லை. அப்பாவால் வர முடியவில்லை. தேர்வாளர்கள் முடிவைச் சொன்னதும் கைபேசியோடு தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"பாபா, பாஸாயிட்டேன்!"

"என்ன? காத்துல ஒண்ணும் கேக்கல!"

"பாஸாயிட்டேன்!"

"இன்னும் சத்தமாச் சொல்லு!"

உள்ளே வஸீம் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் வெளியே நின்று கத்திக்கொண்டே இருந்தாள்.