ஆறு இல்லாத ஆற்றங்கரை ஊர்

“…ஆறெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க மாப்ள. மழை பேஞ்சா தண்ணி போவும், நின்னா போவாது. இதைப் போயி யாராவது ஆறுன்னு எழுதுவாங்களா?”

இதைச் சொன்னபோது என் சின்ன மாமியார் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஆறு அவர் காலைச் சுற்றிக்கொண்டு சலசலவென்று ஓடியது. இடுப்பில் காலிக் குடம். முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். எங்கள் தெரு வாசகசாலை ஆண்டுமலர் போடுவதென்று முடிவுசெய்து, டவுனைச் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றி ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னது. ஊர் எங்கே இருக்கிறது, எப்படி வந்தது, பேர்பெற்றவர்கள் யார் யார், இவ்வளவுதான். நான் பெண் எடுத்த ஊர் என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை கேட்டால் மறைக்கவா போகிறார்கள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சின்ன மாமியாருக்குப் பின்னால், கரைச் சரிவில், வெள்ளரியும் கத்திரியும் வரிசை பிடித்து நின்றன. சுற்றிலும் முள்வேலி.

“அந்தத் தோட்டம் யாருதுன்னு போடட்டும் சின்னத்தை?”

“தோட்டமா? அது தானா மொளைச்சதுங்க.”

“வரிசையாவா?”

“எறும்பு கொண்டாந்து போட்டிருக்கும்.”

அந்த ஊர் டவுனிலிருந்து சைக்கிளில் அரைமணி தூரம். ஆறு வடக்கேயிருந்து வந்து, ஊரை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு, பெண்ணையாற்றைத் தேடித் தெற்கே போகும். வருடத்தில் பாதி நாள் வெறும் மணல்தான். அதில் ஊற்றுத் தோண்டிக் குடம் குடமாக மொள்வார்கள். மிச்ச நாளில் தண்ணீர் உண்டு. கார்த்திகை மழைக்கு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகும். மலையும் அங்கிருந்து டவுனில் தெரிகிற மாதிரி தெரியாது. கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் மாதிரி இருக்கும்.

முதலில் மாட்டுவண்டிக்காரரிடம் போனேன். ரயிலடியில் இறங்கும் வெள்ளைக்காரர்களைச் செங்கம் ரோட்டு ஆசிரமங்களுக்கு ஏற்றிப்போய் ஏற்றிப்போய், மாட்டையே இங்கிலீஷில் ‘கோ, கோ’ என்று விரட்டப் பழகியவர்.

“வெள்ளைக்காரனா? நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல மாப்ள,” என்றார். தலையில் வெள்ளைக்காரத் தொப்பி போட்டிருந்தார்.

“சரி, ஊரு எப்ப வந்தது?”

“இப்பதான்.”

“இப்பன்னா?”

“கொஞ்ச நாளுதான் ஆவுது.”

ஊர் முன்னே எதிர்க்கரையில் இருந்தது என்பதும், ஒரு பெருவெள்ளம் வீடுகளைக் கரைத்ததும் கதவுகளை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இந்தப் பக்கம் ஏறியதும் என் மனைவி எனக்குச் சொன்ன கதை. மண்சுவர் வீட்டுக்கெல்லாம் செதுக்கிய தேக்குக் கதவு இருப்பது அதனால்தான். வண்டிக்காரர் அப்படியொரு கதவில் சாய்ந்துகொண்டுதான் “கொஞ்ச நாளு” என்றார்.

அடுத்து, கூத்தில் ராஜா வேஷம் கட்டும் மச்சான். முந்தின ராத்திரி ஆடியிருக்கிறார். காதுக்குப் பின்னால் சிவப்பு அரிதாரம் அழியவில்லை.

“கூத்தா? அதெல்லாம் நமக்குத் தெரியாது மச்சான்.” உடனே உள்ளே பார்த்து, “ஏ இவளே, மச்சானுக்கு மோர் கொண்டா!” என்று மூன்று தெருவுக்குக் கேட்கிற ராஜகுரலில் கத்தினார்.

ஆற்றைப் பற்றிக் கேட்டேன். “மழை பேஞ்சா தண்ணி போவும், நின்னா போவாது,” என்றார். வண்டிக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார். மளிகைக்கடைக்காரரும் அதே சொல், அதே இழுப்பு. எனக்கு முன்னால் யாரோ போய்ப் பாடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். தெருக்கோடியைப் பார்த்தேன். சின்ன மாமியார் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். இடுப்பில் அதே குடம், இன்னும் காலியாக.

இப்போது சந்தேகம் எனக்கு வந்தது. ஊரே சேர்ந்து மறைக்கிறது என்றால் கரையில் சாராய ஊறல் புதைத்திருக்க வேண்டும். திரும்ப ஆற்றுக்குப் போய் நாணல் புதரை விலக்கி விலக்கிப் பார்த்தேன்.

“இன்னா மாப்ள தேடறீங்க?” சின்ன மாமியார் பின்னாலேயே வந்துவிட்டார்.

“சாராயம்.”

“அய்யே! எங்களைப் பாத்தா காய்ச்சறவங்களாட்டமா கீது?”

“அப்போ எதுக்கு ஊரே பொய் சொல்லுது?”

குடத்தைக் கீழே வைத்தார்.

“ரெண்டு வருசம் முன்ன ஒருத்தன் வந்தான். உங்களாட்டம்தான், சிரிச்சு சிரிச்சுப் பேசினான். மோர் குடுத்தேன். ஆறு எது வரிக்கும் வரும்னு கேட்டான். நானும் பெரும பேசிக்கினு, வெள்ளம் ஜாஸ்தியானா அங்க வரிக்கும் ஏறும்னு கையக் காட்டிட்டேன். அந்த வருசமே எதிர்க்கரைத் தோட்டமெல்லாம் ஆத்தோட எடம்னு கவருமெண்டுல காலி பண்ணிட்டாங்க. இப்ப நீங்க பென்சிலோட வந்து நிக்கறீங்க. உங்களை யாரு அனுப்பிச்சதுன்னு எனக்கு இன்னா தெரியும்?”

அவருடைய சரிவுக்கும் பட்டா கிடையாது. ஆற்றுப் புறம்போக்கு. அவர் மாமனார் காலத்திலிருந்து கொத்தி எருப்போட்ட மண். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது அந்த வெள்ளரியில்தான். அது போனால் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிய வேண்டும்.

“தோட்டத்தைப் பத்தி எழுதாம வுட்டுடறேன்.”

“அந்தாளும் எழுத மாட்டேன்னுதான் சொன்னான்.”

“இல்லன்னா இப்டி எழுதட்டுமா? ரொம்பக் காலமா இங்க பயிர் வெக்கறாங்கன்னு. நாளைக்கு யாராவது கேட்டா அச்சுல கீது பாருன்னு காட்டலாம்.”

அது எந்த ஆபீசில் செல்லும் என்று எனக்கும் தெரியாது. அவரும் விடவில்லை.

“அச்சுல வந்துட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லலாம். சொல்றதுக்கு முன்ன கொஞ்சம் யோசிப்பாங்க.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோட்டத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரை.

“வேலி எதுவரிக்கும் கீதுன்னும் எழுதுவீங்களா?”

“கண்ணால பாக்கறதை எழுதுவேன்.”

“கண்ணால பாக்கறதைத்தானே?”

“ஆமா.”

“அப்டின்னா கொஞ்ச நேரம் மலையைப் பாத்துக்கினு நில்லுங்க மாப்ள.”

நின்றேன். பின்னால் முள் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. “திரும்பாதீங்க!” என்று ஒரு அதட்டல். வெகுநேரம் கழித்து, கல்லால் அடிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். சின்ன மாமியார் வேலியைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய், கடைசிக் குச்சியை மணலில் இறக்கிக்கொண்டிருந்தார்.