பூட்டிய அறைக்கு முன்னால் ஒரு பலாப்பழம்

மலர்கொடி சித்தி ஒன்பது வருஷமாக நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்குகிறாள். காண்ட்ராக்ட் வேலை. காடாம்புலியூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கட்டிவந்த சேலையை மாற்றிப் பழையதைக் கட்டிக்கொண்டு துடைப்பத்தை எடுப்பாள். மாற்றுவதற்கு இடம் இல்லாததுதான் அவளுடைய பெரிய குறை. பெண்களுக்கென்று சைட் ஆபீஸ் பக்கத்தில் கட்டிய அறையில் காண்ட்ராக்டர் பெயின்ட் டப்பாக்களைப் போட்டுப் பூட்டியிருந்தார். வேப்பமரத்துக்குப் பின்னால் இரண்டு பேர் சேலையைத் திரையாகப் பிடிக்க, ஒருத்தி மாற்றிக்கொள்வாள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். இதைத் தீர்க்க வேண்டியதும் நான்தான் என்று நினைத்து ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாகச் செருகிவைத்தார். இரண்டு மாதம் அது அங்கேயே இருந்தது.

இந்தப் பெண்களுக்குக் கோபம் போதவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பண்ணையாரை எதிர்த்துக் கிராமத்துப் பெண்கள் போராடும் இந்திப் படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் சித்தி வீட்டு டிவியில் போட்டேன். அவளோடு வேலை செய்யும் பட்டம்மாள் அக்காவும் இன்னும் மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

“கொடத்துல தண்ணியே இல்லடி. இருந்தா கழுத்து இப்டியா ஆடும்?” என்றாள் பட்டம்மாள் அக்கா, திரையில் குடம் சுமந்து வந்தவளைக் காட்டி.

“அந்த மாடு மொதல்லேர்ந்து கத்திகினே இருக்குது. கறக்க ஒருத்திக்கும் நேரமில்ல. எல்லாம் பேசிகினு நிக்குறாளுங்க,” என்றாள் சித்தி.

கதாநாயகி கொட்டும் மழையில் அரிவாளோடு நின்று நீளமாக முழங்கினாள். எனக்கே கொட்டாவி வந்தது.

“அருவாள எடுத்துட்டா. நாளைக்கு வேலைக்கு எங்க போவா? அதக் காட்ட மாட்டேங்கிறானே,” என்றாள் சித்தி. எல்லாரும் சிரித்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். ஏமாற்றம் படத்தின் மீதா, அவர்கள் மீதா, இல்லை என் மீதேயா என்று அன்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மறுநாள் சித்தி ஒரு பலாப்பழத்தோடு வேலைக்கு வந்தாள். பரீட்சைக்குப் படிக்க டவுன்ஷிப் நூலகத்துக்கு வரும் நான், மதியம் அவர்களோடுதான் சாப்பிடுவேன். அன்று மரத்தடியில் யாரும் இல்லை. சைட் ஆபீஸ் வராண்டாவில், ஜெயப்பிரகாஷின் கதவுக்கு நேர் எதிரே, பூட்டிய அறைக்கு முன்னால் வட்டமாக உட்கார்ந்து பழத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இங்க ஏம்மா?” என்றார் அவர்.

“மரத்தடியில எறும்பு சார். எங்களுக்கு வேற எடம் ஏதுங்க? சொளை எடுத்துக்குங்க, தேனாட்டம் இருக்குது,” என்றாள் சித்தி.

அவர் இரண்டு சுளை எடுத்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த தவறு. வாங்கித் தின்ற வாயால் எப்படித் திட்டுவது? அடுத்த நாள் இரண்டு பழம் வந்தது. மூன்றாம் நாள் டைல்ஸ் தரையில் பலாப்பால் ஒட்டி அவர் செருப்பு கழன்றது. ஈக்கள் வருகைப் பதிவேட்டில் உட்கார்ந்தன, டீயில் விழுந்தன.

“நாளைக்கும் பழமாம்மா?”

“சீசன் ஆடி வரைக்கும் இருக்குது சார். எங்கூரு பூரா பலாதானுங்க.” சித்தி அத்தனை மரியாதையாகச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பெயின்ட் டப்பாக்கள் மினி லாரியில் ஏறின.

அடுத்த திங்கட்கிழமை மதியம் போனபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

“யாரு?”

“நான்தான் சித்தி.”

“இருடி, பட்டம்மா சேல மாத்துறா.”

வெளியே வெயிலில் நின்றேன். உள்ளே ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். புதுத் தாழ்ப்பாள், இறுக்கமாக இருந்தது போலும். திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“ஃபோன் இருக்குதா? அந்தப் படத்த மிச்சம் போடு,” என்றாள் சித்தி, எனக்கு இடம்விட்டு நகர்ந்தபடி. “மாட்ட யாராச்சும் கறந்தாளான்னு பாப்போம்.”