சலோமி துளைக்காத டிரம்

சிரம்பான் லோபாக் பகுதியில் ஒரு காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "கெராணி ஐயா" என்று ஒரு குரல். செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கெராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். தோட்டத்தை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் என்னை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். திரும்பினால் பாக்கியம். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கும் கும்பலில் சலோமியோடு வேலை செய்தவர்.

"சலோமி அக்கா தவறிட்டாங்க லா. முந்தாநாளு, மம்பாவ்ல மக வீட்டுல. நேத்தே பொதச்சாச்சு. ஒங்களுக்குச் சொல்லி அனுப்ப ஆளு கெடைக்கல."

கையிலிருந்ததைக் கூடையில் திரும்பப் போட்டேன். என்ன செய்தது என்று கேட்டேன்.

"மூச்சுதான். ரெண்டு வருஷமா கெடையா கெடந்தாங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். செனாவாங்கில் இருக்கும் எனக்கு மம்பாவ் மோட்டார் சைக்கிளில் போய்விட்டு வரும் தூரம்தான். ஒரு தடவைகூடப் போகவில்லை.

நம் சபை மடலுக்கு நான்கு வரி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிய அன்புச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தோட்டத்து ஆலயத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் நான்கு வரியில் தப்பிக்க முடியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது நான் அவரை "அவர்" என்றதில்லை. என்னைவிட மூத்தவர், ஆனாலும் "சலோமி, இங்க வா" என்றுதான் கூப்பிடுவேன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தவனின் திமிர் அது. அவர் என்னை "ஐயா" என்றார்.

முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து மதியம்வரை செம்பனை வரிசைகளுக்கு நடுவே மருந்தடிப்பது அவர் வேலை. கையுறை கிடையாது. பம்பு ஒழுகி முதுகு புண்ணாகும். நகங்கள் மஞ்சளாகி, வெடித்து, ஒவ்வொன்றாக விழுந்தன. அந்தக் கையோடுதான் சனிக்கிழமை பிற்பகல்களில் ஆலயத்தைக் கழுவினார். மாதம் ஒருமுறை சிரம்பானிலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். எல்லோரும் கையை நீட்டி அப்பத்தை வாங்குவோம். சலோமி மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறப்பார். புதிதாக வந்த போதகர் ஒருவர், "ஏம்மா, கையில வாங்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"இந்தக் கையில வேணாங்கையா. எத்தன தடவ கழுவுனாலும் மருந்து போவல" என்றார் சலோமி.

நான் அடுத்த ஆளாக மண்டியிட்டிருந்தேன். காதில் விழுந்தது. மனதில் விழவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வறட்சி. குழாயில் தண்ணீர் நின்று நின்று வந்தது. அறுப்பின் பண்டிகைக்கு அசனம் போட வேண்டும். முழுச் சபைக்கும் ஆலய முற்றத்தில் சோறு. தண்ணீருக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, நான் பெரிய மனிதனாக எழுந்து, ஸ்டோரிலிருந்து நான்கு காலி மருந்து டிரம்களைத் தருவதாகச் சொன்னேன். கைதட்டினார்கள். சோப்பும் சாம்பலும் போட்டு மூன்று தடவை கழுவச் செய்தேன். டிரம்மின் மேல் மண்டையோட்டுப் படமும், உணவுக்கோ குடிநீருக்கோ மறுபடி பயன்படுத்தக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தன. சபையில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாசித்தேன். நம் ஆட்களுக்கு இது போதும் என்று நினைத்தேன். துரை பங்களாவுக்கு அந்த டிரம்மை அனுப்பியிருப்பேனா?

பண்டிகைக் காலை, அடுப்பு மூட்டி உலை வைக்கப் போகும் நேரத்தில் சலோமி கடப்பாரையோடு வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு டிரம்களையும் அடியில் குத்தித் துளைத்தார். இரண்டு நாளாகப் பிடித்து வைத்த தண்ணீர் முற்றமெங்கும் ஓடியது. ஊறவைத்த அரிசி அப்படியே கிடந்தது. பெண்கள் ஏசினார்கள். ஒருவர் அடிக்கவே போனார். போதகர் முகம் சிவந்து, "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கேட்டார்.

"ஆண்டவரு குடுத்த தண்ணிங்கையா. நாமதான் அதுல மருந்தக் கலந்தோம். கலந்துட்டு, அதுல சோத்த ஆக்கி, ஸ்தோத்திரம் சொல்லித் தின்னச் சொல்றீங்களா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, இந்த நாலுதானா? வேற யாருக்கும் குடுத்தீங்களா?"

"இல்ல" என்றேன்.

கொடுத்திருந்தேன். முந்தின வாரம்தான் பாக்கியத்தின் வீட்டுக்கு ஒரு டிரம் போயிருந்தது. அவராகக் கேட்டார், நானும் உதவி என்று நினைத்துத்தான் கொடுத்தேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரு மருந்தடிக்கிற பெண் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டதில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில் வந்த பொய் அது.

சபைக் கமிட்டி கூடியது. மன்னிப்புக் கேட்கும்வரை சலோமிக்குத் திருவிருந்து இல்லை என்று முடிவானது. கடிதம் எழுதியவன் நான். "சபையின் பொருளைச் சேதப்படுத்தி, பரிசுத்த நாளைக் குலைத்தபடியால்" என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆலயத்தைக் கழுவுவதையும் நிறுத்தவில்லை. திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார்.

சில மாதங்களில் பாக்கியத்தின் மகள் கமலாவுக்கு வாயெல்லாம் புண். பிறகு வாந்தி. ஒன்பது வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கோளாறு என்றார்கள். இரண்டாவது வாரம் இறந்துபோனாள். டிரம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் அந்தத் தண்ணீரைச் சோதிக்கவும் இல்லை. இத்தனை வருடமாக நான் இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

துக்க வீட்டுக்கு வந்த சலோமி, குளியலறை ஓரத்தில் அந்த ஐந்தாவது டிரம்மைப் பார்த்தார். வாசலில் ஆண்களோடு நின்ற என்னையும் பார்த்தார். அவர் கூச்சல் போட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்து அதையும் குத்தினார். வெளியேறும்போது என் அருகில் நின்று, "கேட்டேனே ஐயா" என்றார், மெதுவாக. அவ்வளவுதான். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நம் சபையில் படைப்பைப் பேணும் ஞாயிறு வைக்கிறோம். மரக்கன்று நடுகிறோம். போன வருடம் பூமியைக் காப்பது விசுவாசியின் கடமை என்று நானே பேசினேன். சலோமியின் பெயர் என் வாயில் வரவில்லை. அந்தக் கடிதத்தையும் சபை இன்றுவரை திரும்பப் பெறவில்லை. தோட்டத்து ஆலயத்தை மூடி நம்மை இங்கே சேர்த்தபோது பெயர்ப்பட்டியல் வந்தது, அவருடைய தடையும் கூடவே வந்தது. இந்த வாரம் கமிட்டியில் கேட்டேன். இறந்தவருக்கு இனி எதற்கு என்றார்கள். எழுதிய கை என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் கடிதம் பொய்.

நாளை பாக்கியத்தின் வீட்டுக்குப் போகிறேன். சலோமி என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவர் என் வாயால் கேட்க வேண்டும்.

சலோமியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. மருந்தைத் தொடாத கை என்னுடையது. பேனா மட்டுமே பிடித்தது. நகங்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. போன ஞாயிறு போதகர் அப்பத்தோடு என்முன் வந்து நின்றபோது அந்தக் கையை நீட்ட முடியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.